முழங்கைக்கு ஒரு சோடி

காலை ஐந்தே முக்கால். அடுப்பில் தேத்தண்ணி.
பிரம்ரனில் இன்னும் நேற்று இரவு,
கடை பூட்டக் கால் மணித்தியாலம்.
வட்ஸ்அப்பில் தர்சீபன்
இரண்டு கையிலும் இரண்டு விதக் கவசம் மாட்டி
நண்டுபோல நிற்கிறான்.
"மச்சாள், எது?"

அவனுக்கு முப்பத்தொன்பது வயது.
போன மாரிக்குத்தான் ஐஸில் நிற்கப் பழகினவன்.
வெள்ளி இரவுகளில் வேலை முடிந்த ஆட்கள்,
லொறிக்காரர், கணக்காளர், ஒரு பல் வைத்தியர்,
கப்பும் இல்லாமல் காசும் இல்லாமல்
விழுந்தெழும்பி ஹொக்கி விளையாடுகிறார்கள்.
பழைய கவசத்தின் வார் இழுபட்டு
பாதி ஆட்டத்தில் மணிக்கட்டுக்கு இறங்கிவிடுமாம்.
இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினான்:
நாவற்பழ நிறம்.

என்னை ஏன் கேட்கிறான் என்றால்
முழங்கை விஷயத்தில் எனக்கு அனுபவம்.
ஒலுமடுவுக்கு அங்கால காட்டில்
சிவப்புத் தடிக்கும் வெள்ளைத் தடிக்கும் இடையில்
ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில்
மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னே போகிறவள்.
முழங்காலுக்குக் கம்பனி தரும்.
முழங்கைக்கு நானே தைத்தது:
தேய்ந்த பாட்டா, காற்சட்டைத் துணி, சைக்கிள் ரியூப்.
இது மூன்றாவது சோடி.

"விலையைப் பிறகு பார். முதல்ல கையை மடக்கு.
இன்னும். சோறு வாய்க்கு வாற அளவுக்கு.
மொளி கிண்ணத்துக்க இருக்குதோ, விளிம்பில ஏறிட்டுதோ?
ஏறினா அது உனக்கில்லை, கழட்டு.
வாருக்குக் கீழ ஒரு விரல் போகோணும்.
இரண்டு போனா வழுகும்.
ஒண்டும் போகாட்டி விறைக்கும்.
விறைச்ச கை எங்க கிடக்கெண்டு
கைக்காரனுக்கே தெரியாது."

"உங்களுக்கு அங்க விறைச்சால்?"

"ஒழுங்கையால வெளியில வந்து தண்ணி குடிப்பன்.
நீ கையுறையையும் போடு.
அதுக்கும் இதுக்கும் நடுவில எவ்வளவு வெறுந்தோல்?"

"நாலு விரல்."

"அடி அந்த நாலு விரலைத்தான் தேடிவரும்.
நீளமானதை எடு."

என் அங்கிக்கும் முகக்கண்ணாடிக்கும் நடுவில்
எத்தனை விரல் என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

நீலம் மெல்லிசு, வேகமாக ஓடலாம் என்றானாம் கடைப் பெடியன்.
"நீ வேகமா ஓடுவியோ?"
கொஞ்சம் யோசித்து, "இல்லை" என்றான்.
"அப்ப கறுப்பு."
பின்னால் ஆரோ லைற்றை அணைக்கத் தொடங்கினார்கள்.
என் தேத்தண்ணி பொங்கி அடுப்பில் ஊற்றுண்டது.

இரண்டு மாதத்தில் ஒரு பெட்டி வந்தது.
சொக்கிலேற், சம்பூ, ஒரு கம்பளிச் சட்டை
(மாங்குளத்தில் கம்பளிச் சட்டை!),
அடியில் அவனுடைய பழைய சோடி,
புது வார் போட்டு, தோய்க்காமல்.
மரியநேசன் சேர் வாங்கிப் பிரட்டிப் பார்த்தார்,
மணந்தும் பார்த்தார்.
"பட்டியலில இல்லை, பிள்ளை."
அவர் சொன்னது சரிதான்.
கிண்ணம் அவ்வளவு கெட்டி,
அதைப் போட்டுக்கொண்டு ஊன்றினால்
தரை என்ன சொல்கிறது என்று கேட்காது.

இப்போது இரண்டையும் முதுகோடு முதுகு கட்டி
சைக்கிள் கரியரில் வைத்திருக்கிறேன்.
யதுசிகா அதன்மேல் ராணி மாதிரி இருந்து
பள்ளிக்கூடம் போகிறாள்,
கிறவல் ரோட்டில் ஒரு முறைப்பாடும் இல்லை.
வியர்வை மணத்துக்கு மட்டும்
மூக்கைப் பிடித்துக் காட்டுவாள்.

நேற்றுச் செய்தி போட்டிருந்தான்:
"தோத்திட்டம். நான் இரண்டு தரம் விழுந்தனான்.
முழங்கைக்கு ஒண்டுமில்லை."
"வழுகினதோ?" என்று எழுதினேன்.
"இல்லை."

கைபேசியை வைத்துவிட்டு
பாட்டாவில் பென்சிலால் வட்டம் கீறினேன்.
நாலாவது சோடி.
வார் தைக்கும்போது
ஒரு விரலை உள்ளே விட்டுக்கொண்டே தைத்தேன்.